குறைய வேண்டிய வாயு குறையவில்லை: சி.எஃப்.சி-11, 2012 முதல் 2019 வரை ஒரு நிகழ்வு ஆய்வு

ஓசோன் படலத்தைக் காக்க உலக நாடுகள் ஒன்றுகூடி வென்ற கதை பள்ளிப் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அந்த வெற்றி உண்மையானது. ஆனால் 2012-க்குப் பிறகு சில ஆண்டுகள், உலகின் எந்த நாட்டுக் கணக்கேட்டிலும் இல்லாத ஒரு வாயு ஆயிரக்கணக்கான டன் அளவில் காற்றில் கலந்துகொண்டிருந்தது. அதை யார் கண்டார்கள், எப்படி உறுதி செய்தார்கள், என்ன முடிவுகள் எடுத்தார்கள், அது எப்படி நின்றது என்பதை முறையாகப் பதிவு செய்வதே இந்த ஆய்வின் நோக்கம். ஆய்வாளர்கள், தொழிற்கூட உரிமையாளர்கள், தண்டிக்கப்பட்டவர்கள் யாருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. யார் என்பதைவிட எப்படி என்பதுதான் நமக்கு இங்கே தேவை.

பின்னணி

குளோரின், ஃபுளோரின், கார்பன் சேர்ந்த குளோரோஃபுளோரோகார்பன் (சி.எஃப்.சி) வகைகளில் ஒன்றான சி.எஃப்.சி-11 ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் திரவம். நம் ஊர் வெயிலில் மூடியைத் திறந்து வைத்தால் தானாகவே ஆவியாகிவிடும். இந்தக் குணம்தான் அதை ஃபோம் தொழிலுக்கு இழுத்துவந்தது. ஃப்ரிட்ஜ் சுவருக்குள்ளும் குளிர்பதனக் கிடங்குகளின் பலகைகளிலும் இருக்கும் ‘பஃப்’ எனப்படும் பாலியூரித்தேன் ஃபோம், இரண்டு திரவங்கள் கலந்து சூடாகும்போது உருவாகிறது. அந்தச் சூட்டில் சி.எஃப்.சி-11 கொதித்துக் குமிழ்களாகி, கலவையைப் பொங்க வைக்கும். ஃபோம் இறுகியதும் வாயு அந்த நுண்ணறைகளுக்குள்ளேயே அடைபட்டுவிடும். வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயு என்பதால், வெளியேறாமல் உள்ளே இருப்பதே வாங்குபவருக்கும் லாபம்.

அடைபட்டது என்றென்றைக்கும் அடைபட்டிருப்பதில்லை. பல பத்தாண்டுகளில் மெல்லக் கசிகிறது. கட்டடம் இடிபடும்போதும் பழைய ஃப்ரிட்ஜ் நொறுக்கப்படும்போதும் மொத்தமாக வெளியேறுகிறது. இப்படிப் பொருள்களுக்குள் தங்கியிருக்கும் அளவைத் துறையினர் ‘இருப்பு’ என்கிறார்கள். இந்தச் சொல் பின்னால் மீண்டும் வரும்.

காற்றில் கலந்த சி.எஃப்.சி-11 சராசரியாக 50 ஆண்டுகளுக்கு மேல் அழியாமல் இருக்கும். மேலே, ஓசோன் படலம் இருக்கும் அடுக்கு மண்டலத்தை எட்டியதும் புற ஊதாக் கதிர் அதை உடைக்கும். விடுபடும் ஒரு குளோரின் அணு, தான் தீராமலே ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளைச் சிதைக்கும். இந்த ஆபத்தை 1974-இல் இரண்டு வேதியியலாளர்கள் கணித்துச் சொன்னார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் ஹாலி ஆய்வு நிலையத்தின் அளவீடுகள் ஓசோன் ஓட்டையைக் காட்டின. ஓசோனைக் கெடுக்கும் பொருள்களின் உற்பத்தியையும் பயன்பாட்டையும் படிப்படியாகக் குறைப்பதற்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987 செப்டம்பர் 16 அன்று கையெழுத்தானது.

ஒப்பந்தத்தின் உயிர்நாடியாக நான் கருதுவது, 1990-இல் லண்டன் கூட்டத்தில் முடிவான பலதரப்பு நிதியத்தை. வளர்ந்த நாடுகள் பணம் தர, வளரும் நாடுகள் தங்கள் ஆலைகளை மூடின. சி.எஃப்.சி உற்பத்தியை நிறுத்துவதற்காகச் சீனாவுக்கு 15 கோடி டாலர், இந்தியாவுக்கு 8.2 கோடி டாலர் என்று 1999-இல் ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்தியாவில் சி.எஃப்.சி தயாரித்த நான்கு நிறுவனங்களில் ஒன்றின் ஆலை நம் மேட்டூரில் இருந்தது. சீனா 2007 ஜூலையிலும் இந்தியா 2008 ஆகஸ்டிலும் உற்பத்தியை நிறுத்தின. சில மருத்துவ விதிவிலக்குகள் நீங்கலாக, 2010 தொடங்கியபோது உலகம் முழுவதும் உற்பத்தி பூஜ்யம் என்பது கணக்கு.

அந்தக் கணக்கை எழுதியவை நாடுகள்தான். ஒப்பந்தப்படி ஒவ்வோர் அரசும் தன் உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதியை ஆண்டுதோறும் ஓசோன் செயலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கப்பட்ட எண்ணைக் காற்றில் அளந்து பார்த்து ஒப்பிடும் கடமை எவருக்கும் விதிக்கப்படவில்லை.

முதலில் கண்ணில் பட்டது

நல்லவேளையாக, கடமை இல்லாவிட்டாலும் அளப்பவர்கள் இருந்தார்கள். 1978 முதல் உலகின் சில கடலோர நிலையங்களில் இந்த வாயுக்களை அளந்துவரும் பன்னாட்டுக் குழு ஒன்று. ஹவாயின் மௌனா லோவா, தென் துருவம் போன்ற இடங்களில் குடுவைகளில் காற்றைப் பிடித்துச் சோதிக்கும் அமெரிக்கக் கடல்சார் வளிமண்டல நிர்வாகத்தின் ஆய்வகம் இன்னொன்று.

காற்றில் சி.எஃப்.சி-11-இன் செறிவை ஒரு லட்சம் கோடி மூலக்கூறுகளுக்கு எத்தனை என்று சொல்வார்கள். 1990-களின் தொடக்கத்தில் உச்சம் தொட்டுப் பிறகு இறங்கத் தொடங்கியது. 2002 முதல் 2012 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 2.1 என்ற சீரான இறக்கம். அதன்பின் இறக்கம் தளர்ந்தது. 2015 முதல் 2017 வரையிலான காலத்தில் ஆண்டுக்கு 1.0 மட்டுமே.

செறிவு ஏறவில்லை, இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் இதைத் தவறவிடுவது எளிதாக இருந்தது. ஒரு சிறு கணக்குப் போட்டால் சங்கதி விளங்கும். அப்போதைய செறிவு சுமார் 235. ஆயுள் 50 ஆண்டுகளுக்குச் சற்று மேல். புதிதாக எதுவும் கலக்காவிட்டால் ஆண்டுக்கு நாலரை அலகு குறைய வேண்டும். ஓர் அலகு என்பது உலகக் காற்று முழுவதிலும் ஏறத்தாழ 24,000 டன். 2 அலகு மட்டும் குறைகிறது என்றால், மீதி இரண்டரை அலகை ஈடுசெய்யும் அளவுக்கு, அதாவது ஐம்பதாயிரம் டன்னுக்கு மேல், எங்கிருந்தோ கலக்கிறது என்று பொருள். 2012 வரை அதற்கு நேர்மையான விளக்கம் இருந்தது: பழைய ஃபோம்களின் இருப்பிலிருந்து கசிவது. இருப்பு ஆண்டுதோறும் கரைய வேண்டும், கசிவும் குறைய வேண்டும். ஆனால் இங்கே கசிவு கூடியதுபோல் தெரிந்தது.

விளக்கங்களை ஒவ்வொன்றாகக் கழித்தது

அமெரிக்க ஆய்வகத்தின் குழு இதை உடனே வெளியிடவில்லை. அந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். “உடன்படிக்கையை யாரோ மீறுகிறார்கள்” என்று பொருள்படும் ஒரு வாக்கியத்தை அறிவியல் இதழில் எழுதுவதற்குமுன், மற்ற எல்லா விளக்கங்களையும் சோதித்தாக வேண்டும்.

காற்றோட்டம் மாறியதால் இப்படித் தெரிகிறதா என்பது முதல் கேள்வி. அடுக்கு மண்டலத்திலிருந்து கீழிறங்கும் காற்றில் சி.எஃப்.சி குறைவாக இருக்கும். அந்த வரத்து தளர்ந்தால் கீழே செறிவு குறைவதும் தளரும். இதற்கு ஓரளவு பங்கு உண்டு என்று கணினி மாதிரிகள் காட்டின. அந்தப் பங்கைக் கழித்தால் உமிழ்வின் உயர்வு பாதியாகவும் இருக்கலாம் என்று குழுவே வெளிப்படையாக எழுதியது. ஆனால் முழு மாற்றத்தையும் அதனால் விளக்க முடியவில்லை. காற்றோட்டம்தான் காரணம் என்றால் அதே வழியில் பயணிக்கும் மற்ற வாயுக்களிலும் அதே அளவு மாற்றம் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, பழைய கட்டடங்கள் திடீரென அதிகமாக இடிக்கப்படுகின்றனவா என்பது. சில ஆண்டுகளுக்குள் கசிவு விகிதம் அந்த அளவுக்கு உயர நம்பத்தகுந்த காரணம் எதுவும் கிடைக்கவில்லை. வேறு வேதிப்பொருள் தயாரிப்பில் துணை விளைவாகத் தவறி உருவாகிறதா என்று பார்த்தார்கள். அதற்கும் இந்த அளவு பொருந்தவில்லை.

எஞ்சியது புதிய உற்பத்தி. இரண்டு தடயங்கள் அதை ஆதரித்தன. ஒன்று, வட அரைக்கோளத்துக்கும் தென் அரைக்கோளத்துக்கும் இடையிலான செறிவு வேறுபாடு 2012-க்குப் பின் அகன்றது. வடக்கில் புதிதாக ஏதோ கலந்தால்தான் அப்படி ஆகும். மற்றொன்று, மௌனா லோவாவுக்கு ஆசியப் பக்கத்திலிருந்து காற்று வரும் மாதங்களில், தொழிற்சாலைகளிலிருந்து வரும் வேறு சில வாயுக்களோடு சேர்ந்து சி.எஃப்.சி-11-உம் உயர்ந்தது. குழு கிழக்காசியாவைச் சுட்டியது. அதற்குமேல் ஒரு நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. சான்று எட்டிய தூரம் வரை மட்டுமே சொன்னார்கள்.

2018 மே மாதம் கட்டுரை வந்தது. உமிழ்வு 2012-க்குப் பின் ஆண்டுக்கு ஏறத்தாழ 13,000 டன், அதாவது 25 சதவீதம் உயர்ந்திருக்கிறது என்பது அதன் மையக் கண்டுபிடிப்பு. அடுக்கு மண்டலத்தைச் சென்றடையும் குளோரினில் கால்வாசியைக் கொண்டுசெல்வது இந்த ஒரே வாயு. எனவே இதை ஒரு சிறு பிழை என்று ஒதுக்க வழியில்லை.

தொழிற்கூடங்களில் கிடைத்த பதில்

காற்றை அளப்பவர்கள் திசையைச் சொன்னார்கள். தெருவில் இறங்கி விசாரித்தவர்கள் வேறு. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் புலனாய்வு முகமை என்ற தன்னார்வ அமைப்பு, வாங்குபவர்களைப் போலச் சீன ஃபோம் தொழிற்கூடங்களைத் தொடர்புகொண்டது. அமெரிக்கப் பத்திரிகையாளர்களும் ஷான்டாங் மாகாணத்தின் ஒரு தொழில் ஊருக்குச் சென்று கேட்டார்கள். 2018 ஜூலையில் அந்த அமைப்பு வெளியிட்ட அறிக்கையின்படி, பத்து மாகாணங்களில் 18 நிறுவனங்கள் சி.எஃப்.சி-11 பயன்படுத்துவதை ஒப்புக்கொண்டன.

ஏன் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் இந்த நிகழ்வில் மிக முக்கியமானது. விலை குறைவு. ஃபோம் நன்றாக வருகிறது. சட்டப்படி பயன்படுத்த வேண்டிய எச்.சி.எஃப்.சி-141பி என்ற மாற்றும் ஓசோனைக் கெடுப்பதுதான் என்பதால், ஒப்பந்தப்படி 2013 முதல் அதன் அளவும் கட்டுப்படுத்தப்பட்டது. மாற்றுப் பொருளுக்குத் தட்டுப்பாடு, விலையேற்றம். காலவரிசையைக் கவனியுங்கள்: புதிய கட்டுப்பாடு வந்ததும் பழைய விஷம் திரும்பியதும் ஏறக்குறைய ஒரே சமயம். குறைந்த லாபத்தில் பிழைக்கும் சிறு கூடங்கள், பலவும் கலவையாகவே வாங்கிப் பயன்படுத்துபவை. சி.எஃப்.சி-11 முன்கூட்டியே கலந்த பாலியோல் (ஃபோமுக்கான இரண்டு திரவங்களில் ஒன்று) பீப்பாய் வாசலில் வந்து இறங்கினால், அதை வாங்க யாரும் வேதியியலாளராக இருக்க வேண்டியதில்லை. குற்றம் குற்றமே. ஆனால் இந்தச் சூழலைப் பார்க்காமல் ஆட்களை மட்டும் பார்த்தால் அடுத்த முறையும் இதுவே நடக்கும்.

மூலப்பொருள் கார்பன் டெட்ராகுளோரைடு. குளோரோமீத்தேன் ஆலைகளில் அது துணைப்பொருளாகக் கிடைக்கிறது. அதோடு ஹைட்ரஜன் ஃபுளோரைடு சேர்ந்தால் சி.எஃப்.சி-11 தயார். அரை நூற்றாண்டுக்கும் மேல் பழக்கப்பட்ட முறை, பெரிய ஆலை தேவையில்லை. 2012-க்குப் பின் ஷான்டாங் பகுதியிலிருந்து கார்பன் டெட்ராகுளோரைடு உமிழ்வும் உயர்ந்ததாக 2018-இலேயே தனி ஆய்வு ஒன்று காட்டியிருந்தது.

ஜெஜு தீவின் காற்று

தொழிற்கூட உரிமையாளர்களின் வாய்மொழி ஒரு தடயம். அதை அளவாக மாற்றியவை இரண்டு தீவு நிலையங்கள்: தென்கொரியாவின் ஜெஜு தீவில் உள்ள கோசான், ஜப்பானின் தெற்கு ஓரத்தில் உள்ள ஹதெருமா. காற்று கடலிலிருந்து வீசும் நாளில் இவற்றில் செறிவு உலகச் சராசரியை ஒட்டி இருக்கும். சீன நிலப்பரப்பிலிருந்து வீசும் நாளில் திடீரென உயரும். 2013-க்குப் பின் கோசானில் அந்த உயர்வுகளின் உயரம் வளர்ந்துகொண்டே போனது. தரவு பல ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணோடு பார்க்க 2018-இன் கட்டுரை வேண்டியிருந்தது.

பன்னாட்டுக் குழு ஒன்று இந்தத் தரவை வெவ்வேறு வளிமண்டல மாதிரிகள் கொண்டு தனித்தனியே பின்னோக்கிக் கணக்கிட்டது. 2019 மே மாதம் முடிவு வந்தது. 2008–2012-உடன் ஒப்பிட்டால், 2014–2017-இல் கிழக்குச் சீனாவின் உமிழ்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டன் கூடியிருந்தது. பெரும்பங்கு ஷான்டாங், ஹெபெய் மாகாணங்களை ஒட்டி. ஜப்பானிலோ கொரியத் தீபகற்பத்திலோ உயர்வுக்கான அறிகுறி இல்லை. உலக உயர்வில் 40 முதல் 60 சதவீதத்தை இந்த ஒரு பகுதி விளக்கியது.

எடுக்கப்பட்ட முடிவுகள்

2018 ஜூலையில் வியன்னாவில் ஒப்பந்த நாடுகளின் பணிக்குழு கூடியபோதே இதுதான் பேச்சு. நவம்பரில் ஈக்குவடாரின் கிட்டோவில் கூடிய மாநாடு, அறிவியல் குழுவும் தொழில்நுட்பக் குழுவும் இதை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்று தீர்மானித்தது. 2019 மார்ச்சில் இந்த ஒரு வாயுவுக்காகவே வியன்னாவில் ஆய்வாளர்கள் கூடினார்கள். தொழில்நுட்பக் குழு மூடிய நுண்ணறை ஃபோமையே மிகவும் சாத்தியமான பயன்பாடாகக் கண்டது. ஃபோமில் போகும் வாயுவில் பெரும்பகுதி உள்ளேயே தங்குவதால், உற்பத்தியான அளவு காற்றில் தெரிந்த அளவைவிடப் பல மடங்கு இருந்திருக்க வேண்டும்.

எந்த நாட்டையும் கூண்டில் நிறுத்தும் மொழியில் தீர்மானம் எழுதப்படவில்லை. இதைக் கோழைத்தனம் என்று அப்போது விமர்சித்தவர்கள் உண்டு. பின்னால் நடந்ததைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீனா பேச்சுவார்த்தையை விட்டு வெளியேறவில்லை, விசாரணையை மறுக்கவும் இல்லை.

சீன அரசு 2018-இல் 1,172 நிறுவனங்களைச் சோதித்ததாகவும் அவற்றில் பத்து நிறுவனங்களில் சி.எஃப்.சி-11 கண்டதாகவும் தெரிவித்தது. இரண்டு கள்ள உற்பத்திக் கூடங்கள் மூடப்பட்டன, ஏறத்தாழ 30 டன் கைப்பற்றப்பட்டது. காற்று சொன்ன ஆயிரக்கணக்கான டன்னுக்கும் கைப்பற்றிய 30 டன்னுக்கும் இடையே உள்ள பள்ளத்தைக் கூட்டத்தில் பலர் சுட்டிக்காட்டினார்கள். அந்தப் பள்ளம் முழுமையாக நிரம்பவே இல்லை. கார்பன் டெட்ராகுளோரைடு வெளிவரும் ஆலைகளில் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன.

2020 மார்ச்சில் ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு வழக்கு தீர்ப்புக்கு வந்தது. வெப்பக்காப்புப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனம், 2017 முதல் 2019 வரை ஏறத்தாழ 850 டன் சி.எஃப்.சி-11 வாங்கிப் பயன்படுத்தியது. நிறுவனத்துக்கு 7 லட்சம் யுவான் அபராதம், பொறுப்பாளருக்குப் பத்து மாதச் சிறை. கவனிக்க வேண்டியது தேதியை. உலகமே கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்த 2018-இலும் அந்த நிறுவனம் வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

பின்விளைவு

2021 பிப்ரவரியில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. உலக உமிழ்வு 2018-இலிருந்து 2019-க்குள் ஏறத்தாழ 18,000 டன் சரிந்து 52,000 டன்னுக்கு வந்திருந்தது. உயர்வு தொடங்குவதற்கு முன்பிருந்த நிலை அது. கிழக்குச் சீனாவின் உமிழ்வு 2019-இல் 5,000 டன்னாக, 2014–2017 சராசரியைவிட 10,000 டன் குறைவாக இருந்தது. அதே கோசான், அதே ஹதெருமா, அதே கணக்கு முறை. நோயைச் சொன்ன கருவியே குணமானதையும் சொன்னது.

கட்டுரை வந்ததிலிருந்து உமிழ்வு விழும்வரை ஓராண்டுக்குச் சற்று மேல். ஒரு பன்னாட்டு ஒப்பந்தத்தின் வரலாற்றில் இவ்வளவு விரைவான திருத்தம் அரிது. அண்டார்டிகா ஓசோன் 2066 வாக்கிலும், வடதுருவத்தில் 2045 வாக்கிலும், உலகின் மற்றப் பகுதிகளில் 2040 வாக்கிலும் 1980-ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று ஒப்பந்தத்தின் அறிவியல் குழுவுடைய 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. உமிழ்வு அந்த உயரத்திலேயே நீடித்திருந்தால் இந்த ஆண்டுகளைத் தள்ளிப்போட வேண்டியிருந்திருக்கும்.

எதை மாற்ற வேண்டும்

முதலாவது, அளக்கும் இடங்கள். கோசான் அங்கே இருந்தது ஒரு தற்செயல். மத்திய ஆசியா, இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா ஆகியவற்றின் மேலே இந்த நுணுக்கத்தோடு தொடர்ந்து அளக்கும் நிலையங்கள் மிகக் குறைவு. உலக உயர்வில் எஞ்சிய பாதி எங்கிருந்து வந்தது என்பது இன்றும் உறுதிப்படாததற்கு இதுவே காரணம். மேட்டூர் ஆலையை மூடப் பணம் ஒதுக்க முடிந்த உலகத்தால், வங்கக் கடலோரம் ஒரு நிலையத்தை நடத்தவும் பணம் ஒதுக்க முடியும்.

இரண்டாவது, ஆலையை மூடியதோடு கோப்பை மூடும் பழக்கம். நிதியம் உற்பத்தி நின்றதைச் சரிபார்த்தது, அதில் குறையில்லை. ஆனால் மூலப்பொருளான கார்பன் டெட்ராகுளோரைடு எங்கே போகிறது, சந்தையில் விற்கும் பாலியோல் பீப்பாய்க்குள் என்ன இருக்கிறது என்பதை 2010-க்குப் பின் யாரும் விடாமல் பார்க்கவில்லை. ஒரு பீப்பாயிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிப்பது கடினமே இல்லை.

மூன்றாவது, மாற்றுப் பொருளின் விலை. எச்.சி.எஃப்.சி-141பி-க்கு வரம்பு விதித்தபோது, அதற்கும் அடுத்த மாற்று சிறு தொழிற்கூடங்களின் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். இந்தியா 2020 ஜனவரி 1 முதல் ஃபோம் தொழிலில் அந்தப் பொருளை முற்றிலும் கைவிட்டது. அந்த மாற்றத்தில் சிறு தொழில்முனைவோருக்குத் தரும் தொழில்நுட்ப உதவியைச் சலுகையாகப் பார்க்கக் கூடாது. கள்ளச் சந்தைக்குப் போடும் தடுப்பு அது.

நான்காவது, காத்திருந்த காலம். 2012-இல் தொடங்கியது 2018-இல் வெளியானது. ஆய்வாளர்களின் நிதானத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் உறுதியாகும் முன்பே ஓசோன் செயலகத்தின் காதில் போட்டு வைக்க ஒரு முறையான வழி இருந்திருந்தால், நிலையங்கள் தங்கள் தரவை அந்தக் கண்ணோடு முன்பே புரட்டியிருக்கும். இதே சிக்கல் வேறு வாயுவில் மறுபடியும் வந்தது. ஏசி கேஸான எச்.சி.எஃப்.சி-22 தயாரிப்பில் துணையாக வரும் எச்.எஃப்.சி-23 ஓசோனைக் கெடுக்காது, ஆனால் புவியை மிகக் கடுமையாகச் சூடாக்கும். சீனாவும் இந்தியாவும் அதை அழிப்பதாக அறிவித்த பிறகு, 2015 முதல் 2017-க்குள் உமிழ்வு எட்டில் ஒன்றாகக் குறைந்திருக்க வேண்டும் என்றது நாடுகளின் கணக்கேடு. 2018-இல் காற்று காட்டியது 15,900 டன், அதுவரையிலான எந்த ஆண்டையும்விட அதிகம்.

கடைசியாக இருப்பு. 2012-க்கும் 2018-க்கும் இடையே கள்ளத்தனமாகச் செய்த ஃபோம் எங்கும் போய்விடவில்லை. கட்டடச் சுவர்களிலும் கூரைகளிலும் குழாய் உறைகளிலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சட்டப்படி சி.எஃப்.சி இல்லாத காலத்தில் கட்டியவை என்பதால், அவற்றை இடிக்க வரும் ஒப்பந்தக்காரர் அதைத் தேடமாட்டார். எந்தெந்தக் கட்டடங்கள் என்ற பட்டியலும் இல்லை.